நொத்தாரிசிடம் கையெழுத்து வைக்கப் போக முதல்

நொத்தாரிசிடம் நேரம் எடுத்தாயிற்று, இனி அடையாள அட்டையைக் கொண்டுபோய்க் கையெழுத்தை வைத்தால் அலுவல் முடிந்தது என்றுதான் அனேகமானோர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த மேசையில் நடப்பது கடைசி அரை மணித்தியால வேலை மட்டும்தான். காரியம் அன்றைக்கே முடியுமா, இல்லை ‘இதைத் திருத்திக்கொண்டு வாற கிழமை வாங்கோ’ என்று திருப்பி அனுப்புவார்களா என்பது, அதற்கு முதல் நீங்கள் வீட்டில் கடதாசிகளையெல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தீர்களா என்பதில்தான் தங்கியிருக்கிறது. கொழும்பில் காணி, வீடு, தொடர்மாடி வாங்குபவர்கள், விற்பவர்கள், பிள்ளைகளுக்கு எழுதி வைப்பவர்கள், வெளிநாட்டிலிருக்கும் அண்ணன் தம்பிக்காக அற்றோணி (அவர் சார்பில் செயற்பட அதிகாரம் தரும் பத்திரம்) வாங்கி அலுவல் பார்ப்பவர்கள், இவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள், உங்களுக்கு வேண்டியது நொத்தாரிசுதானா? சத்தியக் கடதாசி முடிக்க, ஒரு சான்றிதழின் போட்டோக் கொப்பியை உண்மைப் பிரதி என்று உறுதிப்படுத்த, சமாதான நீதவான் போதும், அல்லது சத்தியப் பிரமாண ஆணையாளராக இருக்கும் சட்டத்தரணி போதும். அதற்காகப் புதுக்கடை வரை போய் நொத்தாரிசுக் கட்டணம் கொடுக்கத் தேவையில்லை, உங்கள் வட்டாரத்திலேயே ஒரு சமாதான நீதவான் இருப்பார். ஆனால் காணி சம்பந்தப்பட்ட எதுவும், விற்பனை, நன்கொடை, ஈடு எல்லாமே, நொத்தாரிசுக்கும் ஒரே நேரத்தில் கூட இருக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் கையெழுத்து வைத்தால்தான் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் அன்று சொன்னது இன்றும் அப்படியே இருக்கிறது. வெற்றுக் கடதாசியில் ‘காணியை உனக்குத் தந்தேன்’ என்று எழுதி முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தால் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை, கொடுத்தவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும். மரண சாசனம் மட்டும் கொஞ்சம் வேறு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். என்னைக் கேட்டால் நொத்தாரிசிடமே முடியுங்கள், ஐந்து பேரையும் பிற்பாடு நீதிமன்றத்துக்கு யார் தேடிப் பிடிப்பது?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கோ விசாவுக்கோ கடதாசி அனுப்புபவர்கள், அதைப் பெறுகிற இடத்தில் முதலே கேட்டுக்கொள்ளுங்கள், நொத்தாரிசின் கையெழுத்தும் முத்திரையும் போதுமா, அல்லது வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவின் அத்தாட்சியும் வேண்டுமா என்று. இரண்டும் வெவ்வேறு இடத்தில் நடக்கிற வெவ்வேறு வேலை, ஒன்றை முடித்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

பெயர், பெயர், பெயர்

அதிகமான அலுவல்கள் இழுபடுவது இதிலேதான், அதுவும் எங்கள் ஆட்களுக்குக் கூடுதலாக. எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று நிரந்தரமாக இல்லை, தகப்பன் பெயர் முன்னால் வரும், ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்தாக. கலியாணமான பெண்ணின் பெயர் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் தகப்பன் பெயரோடும், அடையாள அட்டையில் கணவன் பெயரோடும் இருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு கந்தோரிலும் ஒவ்வொரு எழுதுவினைஞர் தன் காதுக்குப் பட்டபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். சுப்பிரமணியம் என்ற ஒரு பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், ஒரு ‘ஐ’யும் ஒரு ‘ஏ’யும் சேர்ந்து வரும், அடையாள அட்டையில் அதே இடத்தில் ‘வை’ வரும், கடவுச்சீட்டில் கடைசி ‘எம்’முக்கு முதல் ஓர் எழுத்தைக் காணோம். வாசிக்கிற எங்களுக்கு எல்லாம் ஒரே சுப்பிரமணியம்தான். காணிப் பதிவகத்தில் இருப்பவருக்கு இவர்கள் மூன்று பேர்.

ஆகவே நேரம் எடுக்க முதலே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, சம்பந்தப்பட்ட ஒவ்வொருவருடைய பெயரையும் ஒவ்வொரு ஆவணத்திலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, விவாகச் சாட்சிப் பத்திரம், பழைய உறுதி, அவ்வளவும். வித்தியாசம் கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம், அழித்துத் திருத்தவும் வேண்டாம், அந்தத் தாளை அப்படியே நொத்தாரிசிடம் கொடுங்கள். ‘இன்ன பெயரிலும் இன்ன பெயரிலும் குறிப்பிடப்படுபவர் ஒருவரே’ என்று ஒரு சத்தியக் கடதாசி முடிக்கலாம், அல்லது உறுதியிலேயே இரண்டு பெயரையும் ‘எனவும் அழைக்கப்படும்’ என்று சேர்த்து எழுதலாம். எது பொருத்தம் என்பதை அவர் தீர்மானிப்பார், ஆனால் அவருக்கு அது முதலே தெரிய வேண்டும். கையெழுத்து வைக்கிற நாளில் மேசையில் வைத்து ‘ஐயோ, இதில வேற மாதிரி இருக்கே’ என்றால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது.

அடையாள அட்டை இலக்கத்தையும் இதே தாளில் எழுதுங்கள். பழைய உறுதியில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும், புதிய அட்டை எடுத்தவர்களுக்குப் பன்னிரண்டு இலக்கம். அட்டை தேய்ந்து படம் தெரியாமல் இருந்தால் கடவுச்சீட்டையும் கூடக் கொண்டுபோங்கள்.

வரைவை வீட்டுக்கு வாங்குங்கள்

நான் அடித்துச் சொல்வது இதைத்தான். கையெழுத்து வைக்கிற நாளுக்குக் குறைந்தது இரண்டு மூன்று நாளுக்கு முதலே உறுதியின் வரைவை வாங்கி வீட்டில் வைத்து வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் அனுப்புவார்கள், கேட்பதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் காசு, உங்கள் காணி. சின்னத் திரையில் வாசிக்காமல் அச்செடுத்து, கையில் பேனையோடு வாசியுங்கள்.

எதைப் பார்ப்பது? பெயரும் இலக்கமும் முதலில். பிறகு அட்டவணை, அதாவது காணியின் விபரம் வரும் கடைசிப் பகுதி. அனேகமானோர் இதைத் தொடுவதே இல்லை, வடக்கு எல்லை கிழக்கு எல்லை என்று வருவதால் சட்டத்தரணியின் பாடு என்று விட்டுவிடுகிறார்கள். நில அளவைப் படத்தைப் பக்கத்தில் வைத்து, துண்டு இலக்கம், படத்தின் இலக்கம், அளந்த திகதி, அளவையாளரின் பெயர், நாலு எல்லைகள், பரப்பு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். கொழும்பில் பரப்பு பேர்ச்சசில் வரும், புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணையும் விடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் தொடர்மாடி வாங்குபவர்கள் வீட்டின் இலக்கம், எத்தனையாம் மாடி, வாகனத் தரிப்பிடம் உறுதியில் வருகிறதா என்பதைப் பாருங்கள். வாய்ப்பேச்சில் ‘பார்க்கிங் உங்களுக்குத்தான்’ என்று சொன்னது உறுதியில் இல்லாவிட்டால் பிறகு தொடர்மாடியை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தோடு மல்லுக்கட்ட வேண்டியது நீங்கள்தான்.

வரைவு உங்களுக்கு விளங்காத மொழியில் இருந்தால் அதை முதலே சொல்லுங்கள். கொழும்பில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அல்லது சிங்களத்தில்தான் எழுதுகிறார்கள். நொத்தாரிசுக்குக் கிடைக்கும் அதிகாரப் பத்திரத்திலேயே எந்த மொழியில், எந்தப் பிரதேசத்தில் அவர் தொழில் செய்யலாம் என்று இருக்கும், தமிழில் உறுதி எழுதும் அதிகாரம் உள்ளவர்களும் கொழும்பில் இருக்கிறார்கள், கேட்டுத் தேடினால் கிடைப்பார்கள். வயதான அம்மாவோ அப்பாவோ கையெழுத்து வைப்பதாக இருந்தால் நான் தமிழ் தெரிந்த நொத்தாரிசிடம்தான் கூட்டிப்போகச் சொல்வேன். வாசித்து விளங்கப்படுத்தியதாக, உறுதியின் கடைசியில் நொத்தாரிசு எழுதும் அத்தாட்சியில் ஒரு வரி எழுதப்படும், அந்த வரி உண்மையாக இருக்க வேண்டும். மகன் பக்கத்தில் நின்று ‘அது ஒண்டுமில்ல அம்மா, இதில வையுங்கோ’ என்று சொல்வது விளங்கப்படுத்துவது ஆகாது.

கோப்பில் என்னென்ன

காணி வீடு என்றால் தாய் உறுதி, அதாவது விற்பவருக்கு எந்த உறுதியால் உரிமை வந்ததோ அதன் மூலப் பிரதி, நில அளவைப் படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, மாநகர சபையின் சோலைவரிப் பற்றுச்சீட்டு, வீதிக் கோடு, உரித்து சம்பந்தமான மாநகர சபைச் சான்றிதழ்கள். இவற்றையெல்லாம் நொத்தாரிசு முதலே கேட்டு வாங்கிப் பதிவேட்டைத் தேடிப் பார்த்திருப்பார், வழக்கமாக முப்பது வருடம் பின்னோக்கிப் பார்ப்பார்கள். பதிவேட்டுப் பிரதி பழையதாக இருந்தால் கையெழுத்துக்குக் கிட்டவாக இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், இடையில் யாரும் ஈடோ தடையோ பதிந்திருக்கலாம். வரி அடையாள இலக்கமும் இப்போது கேட்கிறார்கள், எடுத்து வைத்திருங்கள்.

திருமணமான பெண் தன் பெயரிலுள்ள காணியைக் கைமாற்றப்போகிறார், அவர் தேசவழமைக்கு, அதாவது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்குச் சட்டத்துக்கு, உட்பட்டவர் என்றால், கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. நாங்கள் கொழும்புக்கு வந்து எத்தனையோ வருடமாயிற்று என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது, வடக்கைப் பூர்வீகமாகக் கொண்டவர் என்றால் நொத்தாரிசு கட்டாயம் விசாரிப்பார். ஒரு பெண் தன் சொந்தக் காணிக்குக் கணவனிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருப்பது பெரிய அநியாயம், மாற்ற வேண்டிய சட்டம்தான், ஆனால் மாறும்வரை அதைப் பின்பற்றாத உறுதி பின்னால் உடைபடும். கணவன் வெளிநாட்டில் இருந்தால் அந்தச் சம்மதத்தை எடுக்கவே ஒரு மாதம் போகலாம், இதை முதலில் தொடங்குங்கள்.

நன்கொடை உறுதி என்றால் பெறுபவரும் ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரியாமல் எழுதி வைத்து ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள், பிள்ளையையும் அடையாள அட்டையோடு கூட்டிப் போங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை என்றால் அவருக்காக யார் ஏற்பது என்பதை வரைவிலேயே முடிவு செய்யுங்கள்.

அற்றோணியோடு போகிறவர்கள்

லண்டனில், டொரன்டோவில், பாரிசில் இருக்கிறவர் இங்குள்ள வீட்டை விற்க அற்றோணித் தத்துவம் அனுப்புவது எங்கள் குடும்பங்களில் சர்வசாதாரணம். மூன்று விடயத்தைப் பாருங்கள். அந்த அற்றோணியில் ‘விற்க’ என்ற அதிகாரம் வெளிப்படையாக இருக்கிறதா? வங்கி அலுவலுக்கும் வாடகை வாங்கவும் எழுதிய அற்றோணியால் வீட்டை விற்க முடியாது. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அதிகாரி முன்னிலையில் கையெழுத்து வைத்து, இங்கே வந்த பிறகு அத்தாட்சிப்படுத்திப் பதிவாளர் நாயகத்தின் திணைக்களத்தில் பதிந்திருக்கிறதா? இந்த இரண்டையும் முடிக்காமல் நேரம் எடுக்காதீர்கள். மூன்றாவது, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா. கேட்க ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் கொடுத்தவர் இறந்த கணமே அற்றோணி செத்துவிடும், அதற்குப் பிறகு அதை வைத்து எழுதிய உறுதி வெறும் கடதாசி. அதனால்தான் சில நொத்தாரிசுமார் கையெழுத்துக்கு முதல் அவரோடு வீடியோவில் ஒரு சொல் பேச வேண்டும் என்பார்கள். அங்கே என்ன நேரம் என்று பார்த்து, அன்றைக்கு போனைக் கையில் வைத்திருக்கச் சொல்லி வையுங்கள்.

சாட்சிகளும் காசும்

சாட்சி இரண்டு பேர். நொத்தாரிசுக்கு உங்களை நேரில் தெரியாவிட்டால், உங்களைத் தெரிந்த சாட்சிகள்தான் இவர் இன்னார் என்று சொல்ல வேண்டும், ஆகவே கந்தோரில் வேலை செய்யும் இரண்டு பேர் வைப்பார்கள் என்று சும்மா போகாதீர்கள், அவர்களுக்கு உங்களை எப்படித் தெரியும்? பிரச்சினை வந்தால் நீதிமன்றத்துக்கு வந்து பேசக்கூடிய, உங்களை விட வயது குறைந்த, ஊரில் நிலையாக இருக்கிற இரண்டு பேராகப் பாருங்கள். மரண சாசனத்தில் ஏதாவது கிடைக்கப்போகிறவரை ஒருநாளும் சாட்சியாக வைக்காதீர்கள். அவர்களுடைய அடையாள அட்டை, முகவரி இரண்டையும் முதலே அனுப்பிவிட்டால் தட்டச்சு முடிந்திருக்கும்.

செலவை ஒரே தொகையாகக் கேட்காமல் பிரித்துக் கேளுங்கள்: நொத்தாரிசுக் கட்டணம், முத்திரை வரி, பதிவுக் கட்டணம், தேடல் செலவு. மேல் மாகாணத்தில் விற்பனை உறுதிக்கு முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீடென்றால் முதல் லட்சத்துக்கு 3,000, மிச்சம் 99 லட்சத்துக்கு 396,000, மொத்தம் 399,000 ரூபா. இதை வழக்கமாக வாங்குபவர்தான் கட்டுகிறார். இந்தத் தொகையைப் பார்த்துவிட்டுப் பெறுமதியைக் குறைத்துப் போடுவோமா என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். மாகாண இறைவரித் திணைக்களம் உண்மையான பெறுமதியை மதிப்பிட்டு மிச்சத்தைக் கேட்கலாம், அதைவிடப் பெரிய சிக்கல், நாளைக்கு ஒரு வழக்கென்று வந்தால் நீங்கள் கொடுத்த காசுக்கு உறுதியில் ஆதாரம் இருக்காது. பெருந்தொகையைப் பையில் காசாகக் கொண்டுபோகாதீர்கள், வங்கியில் எடுத்த காசோலையாகக் கொடுங்கள், அதன் இலக்கத்தை உறுதியில் எழுதச் சொல்லுங்கள். காசு தன் முன்னால் கைமாறியதா இல்லையா என்பதை நொத்தாரிசு அத்தாட்சியில் எழுதுவார்.

அன்றைக்கு

நொத்தாரிசுமார் அனேகமாக எல்லோரும் சட்டத்தரணிகள்தான், காலையில் வழக்கு இருக்கும், ஆகவே பின்னேரம் நேரம் எடுப்பது நல்லது. புதுக்கடைப் பக்கம் கந்தோர் என்றால் வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், முச்சக்கர வண்டியில் போய் இறங்குங்கள். நடக்க முடியாத முதியவர் என்றால் நொத்தாரிசை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேட்கலாம், வருவார்கள், ஆனால் அவருடைய அதிகாரப் பிரதேசத்துக்குள் உங்கள் வீடு இருக்க வேண்டும். முதியவர் மரண சாசனமோ நன்கொடையோ எழுதுகிறார், பிள்ளைகளுக்குள் மனக்கசப்பும் இருக்கிறது என்றால் சுயநினைவோடு இருக்கிறார் என்று வைத்தியரிடம் அதே நாட்களில் ஒரு கடிதம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் ஒரே உறுதி மூன்று தடவை வரும்: மூலம், இரண்டாம் பிரதி, நொத்தாரிசு தன்னிடம் வைத்திருக்கும் பிரதி. மூன்றிலும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, அதோடு பெருவிரல் அடையாளம். மையைத் தொட்டவுடன் அழுத்தித் தேய்க்காமல் விரலை ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு மெதுவாக உருட்டி எடுங்கள், அப்பினால் ரேகை தெரியாது. வெங்காயம் உரித்து, பாத்திரம் கழுவித் தேய்ந்த விரல்களில் ரேகை பிடிப்பது கஷ்டம், அம்மாமாருக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். அடையாள அட்டையில் வைத்த அதே கையெழுத்தை வையுங்கள்.

வெற்றிடம் விட்ட பக்கத்தில் கையெழுத்து வைக்காதீர்கள், ‘பிறகு நிரப்புவோம்’ என்று யார் சொன்னாலும் சரி. பேனையால் வெட்டித் திருத்திய இடம் இருந்தால் அது மூன்று பிரதியிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, கடைசி அத்தாட்சியில் அந்தத் திருத்தம் எந்தப் பக்கம் எந்த வரி என்று வருமா என்று கேளுங்கள். நீங்கள் வீட்டில் வாசித்த வரைவைக் கூடக் கொண்டுபோய்ப் பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப் பாருங்கள். நொத்தாரிசு அவசரப்படுத்தினால் ‘சேர், ஒருக்கா வாசிச்சிட்டு வைக்கிறன்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வாசியுங்கள், நல்ல நொத்தாரிசு இதற்குக் கோபிக்கமாட்டார்.

கையெழுத்துக்குப் பிறகு

காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் அலுவல் முடிந்த மாதிரி. இரண்டு பேருக்கு ஒரே காணியை விற்ற கதைகளில், பிந்தி வாங்கினாலும் காசு கொடுத்து வாங்கி முந்திப் பதிந்தவர் முன்னால் போய்விடுவார், 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுச் சட்டம் முந்திப் பதிந்தவருக்குத்தான் இடம் கொடுக்கிறது. நொத்தாரிசு இரண்டாம் பிரதியை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும், ஆனால் அதுவும் மூல உறுதியைப் பதிவதும் ஒன்றல்ல. ஆகவே கந்தோரை விட்டு எழும்ப முதலே, பதிவுக்கு எப்போது கொடுப்பீர்கள், பதிவகம் உறுதியைப் பெற்றவுடன் போடும் நாட்குறிப்பேட்டு இலக்கத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், சொன்ன நாளில் போன் எடுங்கள். பதிந்த உறுதி கைக்கு வந்ததும் அதில் பதிவகத்தின் முத்திரை, தொகுதி இலக்கம், தாள் இலக்கம் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு அந்த இலக்கத்தை வைத்து ஒரு புதிய பதிவேட்டுப் பிரதி எடுத்து அதில் உங்கள் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மாநகர சபையில் சோலைவரிப் பெயரை மாற்ற விண்ணப்பியுங்கள், நீர், மின்சாரக் கணக்குகளையும் அதோடு மாற்றிவிடலாம்.